புலின்னா குனியணும்

புலியை மிக அருகில் பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது, பார்த்தது ஒன்றைத் தவிர. புலி என்னைப் பார்த்தது. நிதானமாகவே பார்த்ததாம். அந்த நேரத்தில் நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் கேமரா இருந்தது. கேமராவில் ஜூம் இருந்தது. நல்ல வெளிச்சம். புலியோ ஜூமே தேவைப்படாத தூரத்தில் நின்றது. இத்தனையும் கூடிவந்த பிறகும் ஒருவன் தன் ஷூவைப் பார்க்கிறான் என்றால், அவன் கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஷெட்டில் வேலை பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

செல்போனில் கேமரா வந்தும் வராததுமாக இருந்த காலம் அது. ஊத்துக்கோட்டையிலிருந்து தினமும் பஸ் பிடித்து, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் போல்ட், நட்டு செய்யும் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கான்ட்ராக்ட் ஆள். (கான்ட்ராக்ட் ஆள் என்றால் கம்பெனிச் சட்டை உண்டு, கம்பெனி கிடையாது.) அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை, கடம்பத்தூர் சுகந்தியைப் பார்க்கும்வரை. திருவள்ளூரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன இடத்தில் பழக்கம். நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளவில்லை.

சுகந்தியின் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணக்கில் ஜாதி, மதம், நிறம், உயரம் எல்லாம் அப்புறம்தான். உலகத்தில் பெர்மனென்ட் ஆனவர்கள் உண்டு, ஆகாதவர்கள் உண்டு, அவ்வளவே. பெண் கேட்டுப் போன என்னை உட்காரவைத்து, காபி கொடுத்து, பொறுமையாகச் சொன்னார்.

“தம்பி, உன்ன எனக்குப் புடிச்சிக்கீது. உன் வேலையத்தான் புடிக்கல. பெர்மனென்ட் ஆயிட்டு வா, வெத்தல பாக்கு மாத்திக்கலாம். தை வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் நா வேற எடம் பாத்துருவேன், கோச்சுக்காத.”

சுகந்தி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள்.  அப்போது ஆவணி முடிந்திருந்தது.

என்னைப் பெர்மனென்ட் ஆக்கும் அதிகாரம் உலகத்திலேயே ஒரே ஆளிடம் இருந்தது. எங்கள் மேனேஜர் பரசுராமன். கம்பெனிக்கு வெளியேதான் அவர் பரசுராமன். ஷெட்டுக்குள் அவருக்குப் பெயர் புலி.

இந்தப் பெயர் வைபவம் நான் சேர்வதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. பிரஸ் மெஷின்கள் அடிக்கிற அடியில் பக்கத்தில் இருப்பவன் செத்தால்கூடத் தெரியாது. அதனால் மேனேஜர் கேபினை விட்டுக் கிளம்பினால், வாசல் மெஷின்காரன் ஸ்பேனரால் இரும்புத் தூணில் ‘டொக் டொக்’ என்று இரண்டு தட்டு தட்டி, “புலி” என்பான். அடுத்தவன் தன் தூணில் தட்டுவான். செய்தி கடைசி மெஷின்வரை போய்ச் சேர்வதற்குள் மொத்த ஷெட்டும் தலை குனிந்திருக்கும். ஹெல்மெட் தலையில் இருக்கும், பேச்சு நின்றிருக்கும், கையில் எது இருந்தாலும் அது சீட்டுக்கு அடியில் போயிருக்கும். முறுக்கு, செல்போன், பேப்பர், எதுவானாலும். மேனேஜர் வந்து பார்த்தால் உழைப்பாளர் சிலை நாற்பது நிற்பதுபோல இருக்கும்.

இதில் எனக்கு இணையாக ஷெட்டில் ஆள் கிடையாது. ‘டொக்’ என்ற முதல் தட்டிலேயே குனிந்துவிடுவேன். தூக்கத்தில் தட்டினாலும் குனிவேன் என்று இஸ்மாயில் பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறான். இஸ்மாயில் என் பக்கத்து மெஷின். பழவேற்காட்டில் துணி வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடையில் உட்கார, இவன் மட்டும் துணி மடிக்க முடியாது என்று கோபித்துக்கொண்டு இரும்புக்கு வந்துவிட்டவன்.

அந்த வருஷம் எங்கள் மேனேஜர் சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு, வேறு மனிதராகத் திரும்பி வந்தார். மறுநாள் கேன்டீனில் மோர்ப் பாத்திரத்துக்கு நேர் மேலே ஒரு பேனர் தொங்கியது. ‘டீம் டைகர். ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு புலி.’ கீழே வரிசையில் நின்ற புலிகளுக்குத் தண்ணீர் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு தொழிலாளி சிரித்துவிட்டான். மேனேஜர், “என்ன சிரிப்பு?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல சார், பேனர் சூப்பரா கீது சார்” என்றான் அவன்.

அதிக உற்பத்தி காட்டும் மெஷின் வரிசைக்கு நிஜமான புலிக்காட்டில் சஃபாரி என்று அறிவித்தார். எங்கள் வரிசை ஜெயித்தது. (மற்ற வரிசையில் மோட்டார் எரிந்துபோனதைப் பற்றி நாங்கள் யாரிடமும் பேசுவதில்லை.)

பிறகு ஒருநாள் மேனேஜர் என்னை வழியில் நிறுத்திப் பேசினார். ஆயுத பூஜைக்கு நான் இரவல் கேமராவில் எடுத்த போட்டோக்களை அவர் பார்த்திருக்கிறார். ஒன்றில் ஃபிளாஷ் அதிகமாகி அவர் முகத்தில் மூக்கு, கண் தவிர மற்றதெல்லாம் அழிந்துபோய், ஆள் பத்து வயது இளமையாக இருந்தார். அதை என் திறமை என்று அவர் நினைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை.

“தேவா, அடுத்த வருஷக் காலண்டருக்குப் புலி போட்டோ போடறோம். முதலாளிகிட்ட சொல்லிட்டேன். நம்ம தொழிலாளி எடுத்த புலி. குளோஸ்-அப். பக்கத்துல நான். புரியுதா?”

“புலி பக்கத்துல நீங்களா சார்?”

“ஃபிரேம்ல பக்கத்துலய்யா. அந்தப் போட்டோ மட்டும் வந்துட்டா, உன் கன்ஃபர்மேஷன் ஆர்டர்ல அன்னைக்கே கையெழுத்து.”

 புலி, காலண்டர், கையெழுத்து, தை மாதம், சுகந்தி என்று எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. அன்றிலிருந்து நான் புலி புகைப்படக் கலைஞன்.

கேமரா இஸ்மாயிலின் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. “மவனே, இதுக்கு எதனா ஆச்சு, எங்க மாமா என்ன உரிச்சுருவாரு. புலி உன்ன தின்னாலும் பரவால்ல, கேமராவ தூக்கி எங்கிட்ட கெடாசிட்டு சாவு” என்று ஆசீர்வதித்துக் கொடுத்தான். குளோஸ்-அப் பழக ஊத்துக்கோட்டைத் தெருநாய்களை வைத்துப் பயிற்சி செய்தேன். நாய்களுக்குக் கலையில் ஆர்வமில்லை. ஒன்று என்னைக் கடைத்தெருவரை துரத்தியது. அந்தப் போட்டோவில் ஒரு வாயும் மங்கலான தெருவும் விழுந்திருந்தன. தொழிலில் முன்னேறுகிறேன் என்றே நம்பினேன்.

கர்நாடக எல்லையில் உள்ள காடு. காலை நாஷ்டா முடித்துக்கொண்டு சஃபாரி வண்டிக்கு முன்னால் நாங்கள் கம்பெனி கொடுத்த மஞ்சள் தொப்பியோடு வரிசையாக நின்றபோது, மேனேஜர் தன் லாட்ஜ் அறையிலிருந்து வந்தார். பழுப்பு நிறத்தில் புத்தம் புதிய சஃபாரி சூட். பாக்கெட்டில் பேனா. சஃபாரிக்குப் போகிறவன் சஃபாரி சூட் போடத்தானே வேண்டும்?

“இன்னா நைனா இது, புலிக்குப் பொண்ணு பாக்கப் போறாரா?” என்று என் காதில் சொன்னார் நாகரத்தினம் அண்ணன். எங்கள் வரிசையில் சீனியர். ஆரம்பாக்கத்துக்காரர்.

வண்டிக்கு மேலே கூரை கிடையாது. பக்கங்களில் இடுப்பளவு இரும்புக் கம்பி. டிரைவர் பக்கத்தில் வழிகாட்டி நின்றார். நல்ல தமிழில் பாடம் எடுத்தார்.

“புலி பெரும்பாலும் தூங்கும் சார். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வெளிய வரும்.”

வண்டியில் ஒரு சின்னச் செருமல் கேட்டது. எங்கள் மேனேஜரின் கேபினில் மதியத்துக்குப் பிறகு விளக்கு எரிந்ததை யாரும் பார்த்ததில்லை.

“தன்னோட எல்லையில மரத்துக்கு மரம் அடையாளம் வச்சுட்டே போகும். இது என் எடம்னு மத்ததுக்குத் தெரியணும் இல்ல?”

பார்க்கிங், நாற்காலி, டீ கப், தண்ணீர்க் குழாய் என்று எல்லாவற்றிலும் ‘மேனேஜருக்கு மட்டும்’ ஸ்டிக்கர் ஒட்டியவர், இதையெல்லாம் ஆர்வமாகக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இஸ்மாயில் சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளைக் கடித்தான்.

“சத்தம் மட்டும் கூடாது சார்” என்று வழிகாட்டி முடித்தார். “புலி தென்பட்டா நான் இந்தக் கம்பியில ரெண்டு தட்டு தட்டி, மெதுவா சொல்வேன். எல்லாரும் அமைதியாப் பாக்கலாம்.”

இந்த இடத்தில் எனக்கு மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அது விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. நாங்கள் எல்லாரும் சரி என்று தலையாட்டினோம்.

முதல் ஒரு மணி நேரம் மான்கள். முதல் மானுக்கு வண்டியே எழுந்து நின்றது. பிறகு யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. “நம்ம ஊர் ரோட்ல ஆடு மேயறாப்ல மேயுது, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம், பேஜாரு” என்றான் இஸ்மாயில். மேனேஜருக்கு மட்டும் சலிக்கவில்லை. கடைசி வரிசையில் எழுந்து நின்று விதவிதமாக போஸ் கொடுத்தார். தூரத்தைப் பார்ப்பது, கையை நீட்டி வழிகாட்டுவது, தாடையில் விரல் வைத்துக் காட்டைப் பற்றிச் சிந்திப்பது. நான் முன் சீட்டில் முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்பி, அவரையே எடுத்துக்கொண்டிருந்தேன். புலி வந்தால் அவருக்குப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

“தேவா, இது எப்படி இருக்கு?” என்று கையை நீட்டினார்.

அப்போதுதான் அது கேட்டது.

டொக் டொக்.

“புலி.”

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. என் கழுத்து பொறுப்பு. அது என்னைக் கேட்கவில்லை. விரல் எதையோ அழுத்த, கேமரா சீட்டுக்கு அடியில் போக, நான் சீட்டில் சரிந்து உட்கார்ந்து ஷூவரை குனிந்தேன். என்னோடு மொத்த வண்டியும் குனிந்தது. அத்தனை மஞ்சள் தொப்பிகளும் ஒரே நேரத்தில் கீழே போனதாக டிரைவர் பிறகு சொன்னார். இஸ்மாயில் முன் சீட்டின் போல்ட்டைப் பிடித்து வெறும் விரலால் முறுக்கிக்கொண்டிருந்தான். நாகரத்தினம் அண்ணன் துண்டை எடுத்து வண்டிக் கம்பியைத் துடைத்தார். பின்னால் ஒருத்தன் கைக்கு வேலை கிடைக்காமல், காலடியில் கிடந்த வேர்க்கடலைத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினான்.

ஒரு நாற்றம் வந்தது. ஈரமும் மாமிசமும் கலந்த கனத்த நாற்றம். ஏதோ தப்பு நடக்கிறது என்று மூளையின் ஒரு மூலையில் பட்டது. நிமிரலாமா என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து அந்தக் குரல் கேட்டது.

“தே... தேவா...”

மேனேஜர் குரல். சந்தேகமே இல்லை, புலிதான். இன்னும் நன்றாகக் குனிந்தேன்.

“தேவா... எடு... எடுய்யா...”

எதை எடுப்பது? சீட்டுக்கு அடியில் ஒளித்ததைப் பார்த்துவிட்டார்போல என்று நினைத்து, காலால் கேமராவை இன்னும் உள்ளே தள்ளினேன்.

பிறகு சருகுகள் நொறுங்கும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.  வழிகாட்டிதான் முதலில் பேசினார்.

“இவ்ளோ கிட்ட நானே பார்த்ததில்ல சார். கம்பிய மோந்து பாத்துட்டுப் போச்சு. ஆனா நீங்கல்லாம் எதுக்கு சார் குனிஞ்சு கும்பிட்டீங்க?”

நிமிர்ந்தோம். பாதையில் ஒன்றும் இல்லை. ஒரு புதர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் எங்கள் மேனேஜர், நீட்டிய கையை மடக்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.

“போட்டோ?” என்றார்.

சீட்டுக்கு அடியிலிருந்து கேமராவை எடுத்து, வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டு நீட்டினேன். கடைசியாக விழுந்திருந்த படத்தைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பாதி வழியில் இருக்கும் மஞ்சள் தொப்பிகள். நடுவில் சஃபாரி சூட்டில், கை நீட்டி, கண் பிதுங்கி, வாய் திறந்து அவர். புலியின் ஒரு மயிர்கூட இல்லை.

“ஏன்யா எல்லாரும் குனிஞ்சீங்க?”

 நாகரத்தினம் அண்ணன் நல்ல மனிதர். மேலதிகாரி கேட்டால் பதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பவர்.

“பழக்கம் சார்.”

“என்ன பழக்கம்?”

“புலின்னா குனியணும் சார்.”

“எந்தப் புலி?”

அண்ணன் துண்டால் மறுபடி கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். மேனேஜர் அவரைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். மஞ்சள் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, என்னிடம் நிறுத்தினார். அவருக்குப் புரிவதை நான் கண்ணால் பார்த்தேன். மெதுவாக உட்கார்ந்தார்.  என் கல்யாணம் அந்தப் புதருக்குள் போய்விட்டது என்று நினைத்தேன். அழுகை வந்தது. இஸ்மாயில் பக்கத்தில் இருந்ததால் அழவில்லை.

திங்கட்கிழமை கேபினுக்குக் கூப்பிட்டார்.

“உக்காரு.”

அந்தக் கேபினில் கான்ட்ராக்ட் ஆள் உட்கார்ந்த சரித்திரம் கிடையாது. பாதி உட்கார்ந்தேன்.

“புலின்னு யாரு பேரு வெச்சது?”

“நா வேலைக்கு வரசொல்லவே, மொதல்லருந்தே இருந்துது சார்.”

“ஏன் வெச்சாங்க?”

தூங்கும், சாப்பாட்டுக்கு வெளியே வரும், எல்லாவற்றிலும் அடையாளம் வைக்கும். வழிகாட்டி சொன்னதெல்லாம் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன. கடம்பத்தூரை நினைத்துக்கொண்டு அத்தனையையும் விழுங்கினேன்.

“நீங்க வந்தா ஷெட்டே அடங்கிரும் சார். அதான் சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “பழைய கம்பெனியில எனக்கு என்ன பேர் தெரியுமா? பெருச்சாளி” என்றார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வந்தது. “புலி பரவால்ல.”

பிறகு குரலை இறக்கினார். “நான் பார்த்தேன்யா. நிஜமாவே பார்த்தேன். மீசை வரைக்கும் பார்த்தேன். யார்கிட்ட சொன்னாலும் போட்டோ எங்கேங்கறாங்க. என் பொண்டாட்டியே நம்ப மாட்டேங்கறா.” ஷெட்டே நடுங்கும் மனிதர், ஒரு கான்ட்ராக்ட் ஆளிடம் சாட்சிக்குக் கெஞ்சுவதுபோல இருந்தது. எனக்கு அவர்மேல் முதல்முறையாகப் பாவமாக இருந்தது. “வெள்ளிக்கிழமை முதலாளி வர்றாரு. நீயும் பார்த்தேன்னு சொல்லு.”

வெள்ளிக்கிழமை முதலாளி கேட்டார், புலி எப்படி இருந்தது என்று.

“மஞ்சளா இருந்துது சார். கோடு கோடா” என்றேன்.

முதலாளிக்குத் திருப்தி. அதைவிட அந்தப் போட்டோ அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. “காட்டுக்குள்ள போயும் ஒருத்தன் வேடிக்கை பார்க்கல பாருங்க. எல்லாரும் குனிஞ்ச தலை நிமிரல. தலைவர் வழிகாட்டறார். இதுதான்யா காலண்டர்” என்றார். அப்படியே அச்சானது. கீழே கொட்டை எழுத்தில், ‘எங்கும், எப்போதும், பணியில்.’

மார்கழியில் எனக்கு ஆர்டர் வந்தது. தையில் வெற்றிலை பாக்கு மாற்றினோம். மாமனார் அந்தக் காலண்டரை வாங்கிக் கூடத்தில் மாட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் தேடினார்.

“இன்னா மாப்ள, புலி புலின்னீங்க. எங்க கீது?”

நான் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி அடுப்படியிலிருந்தே சொன்னாள். “நடுவுல நின்னுகினு கீறாரே, அவருதாம்பா.” அந்தக் காலண்டரின் வருஷம் முடிந்து பல வருஷமாகியும் மாமனார் அதைக் கழற்றவில்லை. வருகிற விருந்தாளி எல்லாரும் புலியைத் தேட வேண்டும். அது அந்த வீட்டின் சட்டம்.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். பரசுராமன் சார் ஓய்வுபெற்றுப் போனார். வருஷங்கள் கழித்து நான் சூப்பர்வைசர் ஆனேன். புது ஷூ, இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் நாள் ஷெட் வாசலில் காலை வைக்கிறேன்.

டொக் டொக்.

“புலி.”

சட்டென்று குனிந்தேன். கையிலிருந்த குறிப்பேட்டைப் பக்கத்து மெஷினுக்கு அடியில் தள்ளினேன். யார் வருகிறார்கள் என்று ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமே இல்லை. முன்னால் மொத்த ஷெட்டும் குனிந்திருந்தது. இஸ்மாயில் மட்டும் மெஷினைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவன் அதை அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து நான் வேலை முடிந்து வந்து வீட்டுக் கேட்டைத் திறந்தால், அவள் கரண்டியால் பாத்திரத்தில் இரண்டு தட்டு தட்டுகிறாள். உள்ளே எங்கள் மகள் டிவி ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, பாடப் புத்தகத்தின்மேல் குனிகிறாள். அவள் குனிவதற்குள் வாசலில் நான் குனிந்துவிடுகிறேன்.